மலைக்குளிருக்குச் செடிநூல் தொப்பி: பருத்தியா, லினனா, மூங்கிலா?

கம்பளி பட்டாலே நெற்றி அரிக்கிற, காதோரம் தடித்துப்போகிற ஆட்களுக்கும் இலங்கை மலையகக் குளிரில் தொப்பி வேண்டும். அவர்களுக்காகப் பின்னுகிறவர்கள் பருத்தி, லினன், மூங்கில் நூல்களைத்தான் தேடுகிறார்கள். மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கம்பளி இழை இயற்கையிலேயே சுருண்டிருப்பதால் ஸ்பிரிங் போல இழுபட்டுத் திரும்பும். செடிநூலுக்கு அது வராது. காலையில் கச்சிதமாக இருந்த தொப்பி மாலையில் புருவத்துக்கு இறங்கிவிடும். ஆகவே மென்மையையும் நிறத்தையும் பார்க்குமுன், எது தலையில் நிற்கும், நனைந்தால் எது சீக்கிரம் காயும் என்று பாருங்கள்.

என் முதல் தேர்வு பருத்தி. அரிக்காது. நனைந்தால் அதன் இழைக்குப் பலம் கூடும். சவர்க்காரம் போட்டுக் கசக்கலாம், வெந்நீரிலும் ஊறவைக்கலாம். கம்பளியை அப்படிச் செய்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்தும் இடத்தில், விளிம்பை இரட்டையாக மடித்த பருத்தித் தொப்பி நல்ல மெத்தையாகவும் இருக்கும். ஆனால் தண்ணீரை நிறையக் குடிக்கும், கனக்கும், மெதுவாகத்தான் காயும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை விடாது பெய்யும்போது ஒரு தொப்பி போதாது. ஈரத் தொப்பி தலைச்சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால், மாற்றுத் தொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.

தளர்வைச் சமாளிக்க வழி இருக்கிறது. தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றால் தொப்பியை 51 செ.மீ. அளவில் பின்னுங்கள். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வந்தால் 112 கண்ணி போட வேண்டும். இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று மாறிமாறி வரும் ரிப் (வரிப்) பின்னலுக்கு அது சரியாக வகுபடும்; உச்சியில் குறைக்கும்போது எட்டுப் பங்காகப் பிரித்தால் பங்குக்கு 14. விளிம்பை மட்டும் 3.5 மி.மீ. ஊசியில், மெல்லிய எலாஸ்டிக் நூல் ஒன்றையும் சேர்த்துப் பின்னினால் நழுவாது. மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே கண்ணியை எண்ணுங்கள். துவைத்த பருத்தியின் அளவு மாறும்.

லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து வருவது. பின்னும்போது விறைப்பாக இருந்து விரலை நோகவைக்கும். துவைக்கத் துவைக்க இளகும். பருத்தியைவிடச் சீக்கிரம் காயும், நல்ல உறுதியும் உண்டு. ஆனால் கதகதப்புக்கு இதை நம்ப முடியாது. தென்மேல் பருவக்காலத்தில் வறண்ட காற்று வீசும் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துப் பகல் வெயிலுக்கு லினன் தொப்பி அருமை.

மூங்கில் நூல் பெரும்பாலும் விஸ்கோஸ்தான்: மூங்கில் கூழை இரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக இழுத்தது. பட்டுப்போல வழுக்கும். கைக்குழந்தைக்கும், சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்கும் உச்சந்தலையில் இதைவிட இதமானது எனக்குத் தெரியாது. அவர்களுக்காக விலை கூடினாலும் வாங்குவேன். தோட்ட வேலைக்கு மட்டும் வேண்டாம். ஈரத்தில் பலம் குறையும், தன் கனத்திலேயே தொய்யும். முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், துவாய்மேல் பரப்பிக் காயவையுங்கள்.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படியும் நாட்களுக்கு, அரிப்புத்தான் பிரச்சினை என்றால், பருத்தியும் அக்ரிலிக் என்ற செயற்கை இழையும் கலந்த நூலைச் சொல்வேன். இலேசாக இருக்கும், இழுத்தால் ஓரளவு திரும்பும். செடிநூல் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் பருத்தியிலேயே தொப்பி முழுவதையும் இரண்டு அடுக்காகப் பின்னலாம். இரண்டு அடுக்குக்கும் இடையில் நிற்கும் காற்று குளிரைத் தடுக்கும். நூல் இரட்டிப்பாகப் போகும், காயவும் அதிக நேரம் எடுக்கும்.