வாட்டர்ப்ரூஃப் சரி, உப்புக்கு என்ன பதில்? 1/10 டிரக், கடலோரத்தில் நெடுநாள் ஓட்டிய பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கிப் போடலாமா என்று கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ரிமோட்டில் ஓட்டும் பொம்மை வண்டி அது: நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண்தரைப் பந்தய ரகம்), பின்சக்கர இழுவை, 550 அளவு பிரஷ் மோட்டார், பெட்டியைப் பிரித்ததும் ஓட்டிவிடலாம் என்கிற ரகம். விவரமெல்லாம் தம்பிக்கே மனப்பாடம். பெட்டியில் எழுதாத ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது: பேரிங்.

நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு பேரிங். எல்லாமே 5×11×4 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன்). பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருப்பது ஸ்பீடு கன்ட்ரோலர், சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் மோட்டார்), ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்குவது) ஆகியவற்றுக்குத்தான். அதில் பொய் இல்லை. ஈரத்தில் ஓட்டினால் பேரிங்கைக் கழற்றிப் பராமரிக்கவும் என்று கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. கம்பெனியைக் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வரியை எழுதியவர் வாலிநோக்கம் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம்ம ஊர் மணலில் இருக்கும் உப்பு காய்ந்தாலும் சும்மா இருக்காது. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். சாயங்காலம் ஓட்டிவிட்டுத் தூசி தட்டி அலமாரியில் வைத்த வண்டிக்குள் விடிய விடிய துரு வேலை பார்க்கும். ஏர் அடித்தால் மணல் போகும், உப்பு போகாது.

சரி, கழுவலாம் என்றால் எந்தத் தண்ணீரில்? இங்கேதான் ராமநாதபுரத்துக்காரனுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறும். போர் தண்ணியில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணியை பொம்மை வண்டிக்கு ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் போதும். வண்டி முழுவதையும் குளிப்பாட்டத் தேவையில்லை. பேரிங், ஆக்ஸில், ஸ்க்ரூ தலைகள், ஷாக் அப்சார்பர் கம்பி, இவ்வளவுக்குத்தான்.

முறை இது. சக்கரத்தில் இருப்பது 4 மி.மீ. நைலாக் நட், 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரால் கழற்றுங்கள். பின்பக்கம் ஹெக்ஸை (சக்கரம் பொருந்தும் அறுகோணத் துண்டு) உருவும்போது ஆக்ஸிலில் குறுக்கே செருகியிருக்கும் குட்டி ஊசியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மணலில் விழுந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. பேரிங்கின் ரப்பர் மூடியைக் குண்டூசி முனையால் உள் விளிம்பிலிருந்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். தகர மூடி போட்டதாக இருந்தால் பெரும்பாலும் திறக்க வராது; அதை முடிந்தவரை ஓட்டிவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதலில் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். பிறகு செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு. அது மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடும். காய்ந்த கையோடு கிரீஸ். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் வண்டி வேகமாக ஓடும் என்பார்கள். சிமென்ட் தரையில் ஓட்டுபவர்களுக்கு அது சரி. கடலோரத்துக்கு, படகு இன்ஜின் ஆட்கள் போடும் நீர்ப்புகா கிரீஸை உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ரப்பர் மூடியை அழுத்திவிடுங்கள். கொஞ்சம் இறுக்கம் கூடும். 550 மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? முதலில் கரகர சத்தம். அடுத்து பேரிங் இறுகி, உள்வளையத்துக்குள் ஆக்ஸில் சுற்ற ஆரம்பிக்கும். ஆக்ஸில் தேயும், சூட்டில் ஹப் பிளாஸ்டிக் இளகும், சக்கரம் ஆடும். இழுவைக்கு மோட்டார் திணறும், ஸ்பீடு கன்ட்ரோலர் சூடேறித் தானே நின்றுவிடும். பேட்டரி போச்சு என்று புதுசு வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வண்டியைத் தூக்கி முன்சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி நிதானமாக நின்றால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். துருப்பிடிக்காத எஃகு பேரிங் கூடுதல் நாள் தாங்கும், சாகாவரம் வாங்கியதில்லை. செராமிக் என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் குண்டு மட்டும்தான் செராமிக். வளையம் அதே எஃகு, அதே துரு.

ட்ராக்குக்கு வருவோம். வாலிநோக்கம் உப்பளத்து ஓரம் வெள்ளையாக, சமமாகக் கிடக்கும் தரையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். தனுஷ்கோடி மணலும் வேண்டாம். பின்சக்கர இழுவை அங்கே புதையும், மோட்டார் வேகும். வற்றிய கண்மாய்தான் நமக்கு வாய்த்த மைதானம். வைகாசியில் களிமண் இறுகியிருக்கும். வெடிப்பில் மண் போட்டு, முதல்நாள் மாலை தண்ணீர் தெளித்து மிதித்தால் போதும். சீமைக்கருவேல முள்ளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, டயருக்குள் இருப்பது காற்றல்ல, ஃபோம்.

அந்தத் தரைக்கு ஷாக் எண்ணெய் முன்னால் 40, பின்னால் 30 (எண் கூடினால் எண்ணெய் கெட்டி). ஊற்றிய பிறகு பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி அடங்கப் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். அவசரப்பட்டால் களக் களக் என்று சத்தம் வரும். உயரம்: வண்டியை ஓரடி உயரத்திலிருந்து போட்டு, அது அடங்கி நிற்கும்போது பின் டிரைவ் ஷாஃப்ட் (பின்சக்கரத்தைச் சுற்றும் தண்டு) தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தின் மேல்பக்கம் ஒன்று முதல் இரண்டு டிகிரி உள்ளே சாயட்டும். ஸ்லிப்பர் (கியருக்கு அதிர்ச்சி போகாமல் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) நட்டை முழுக்க இறுக்கி அரைச் சுற்று தளர்த்துங்கள். அதிகம் தளர்ந்தால் ஸ்பர் கியர் (பெரிய பல்சக்கரம்) உருகும் வாடை வரும். பினியனுக்கும் (மோட்டாரில் உள்ள சின்ன பல்சக்கரம்) ஸ்பருக்கும் நடுவே நோட்டுத் தாள் துண்டு ஒன்றை வைத்து நெருக்கி, மோட்டார் ஸ்க்ரூவை இறுக்கியபின் தாளை உருட்டி எடுங்கள். த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும், பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டால் கன்ட்ரோலரை லிப்போ நிலைக்கு மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிச் செத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜம்ப்பில் பாடி (மேல்கூடு) காற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியை அண்ணாந்து புரட்டும். பாடியின் பின்புறம் நாலைந்து பெரிய ஓட்டை வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு வைததற்கு ஈடாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வண்டியின் நைலான் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) எதற்கும் அசராது. ஜம்ப்பிலிருந்து மூக்குக் குப்புற விழுந்தாலும், கரை மேட்டில் மோதினாலும் வளைந்து திரும்புகிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் நெகிழ்வு கூடும், உடையாது. வறண்ட ஊர்க்காரர்கள் இதற்காகவே புது ஆர்மைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நமக்கு அந்த வேலையை உப்புக்காற்றே செய்து தருகிறது. பேரிங்கைத் தின்கிற அதே காற்று! யாரைத் திட்டுவது?

கணக்குப் போட்டால் பத்துக்கு எட்டு தாராளமாகக் கொடுக்கலாம்: கையாளல் அருமை, உதிரிபாகம் கிடைக்கிறது, புதியவர் கைக்கு அடங்குகிறது. கடலுக்கு எட்டத்தில் இருக்கும் பரமக்குடிக்காரர் கேட்டிருந்தால் இன்றே வாங்கச் சொல்லியிருப்பேன். தம்பி, உங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். இறுகிப்போன பேரிங்கை ஆக்ஸிலிலிருந்து நெம்பி எடுத்த கை இன்னும் எரிகிறது. அதனால் இன்றைக்கு என் பதில், வேண்டாம். விலை இன்னும் இறங்கி, மனசு கேட்காமல் வாங்கினால், அதே பார்சலில் ரப்பர் மூடி போட்ட 5×11×4 இரண்டு செட் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.