நம்ம ஊர் வெயிலுக்கு பி.பி.சி. சிமெண்ட் சரிப்படுமா?

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மேஸ்திரி வேலை பார்க்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி சிமெண்ட் வாங்கலாம் மேஸ்திரி?" என்றுதான். நான் கம்பெனிப் பெயருக்கு முன்னால் மூட்டையில் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்) என்று இருக்கிறதா, பி.பி.சி. (சாம்பல் சேர்த்த போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் இருக்கும். மேட்டூரில் நிலக்கரி எரித்து வருகிறதே, அந்த மாதிரிச் சாம்பல். "சாம்பல் கலந்ததா, வேண்டாம்" என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அது கலப்படமே இல்லை, ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தர எண்ணோடு வருகிற சரக்கு. சிமெண்டில் தண்ணீர் சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சும். சாம்பல் அதோடு சேர்ந்து மேலும் பிடிப்பைக் கொடுக்கும். மெதுவாக நடக்கிற வேலைதான், ஆனால் காங்கிரீட் நெருக்கமாக இறுகி, கசிவு குறையும். அஸ்திவாரம், சம்ப், மேல்தொட்டி மூன்றுக்கும் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பூச்சு வேலையில்தான் இதன் அருமை தெரியும். கலவை வழவழப்பாக இருக்கும். கரணையில் எடுத்து அடித்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும், மட்டப்பலகை போட்டு இழுத்தால் திட்டுத்திட்டாகப் பிய்ந்து வராது. ஓ.பி.சி.யில் 53 கிரேடு என்ற வகை சீக்கிரம் சூடேறி இறுகும். அதில் பூசிய மேற்குச் சுவரில், சித்திரை வெயில் பட்டதும் மயிரிழை வெடிப்பு ஓடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். பூச்சுக்கு 53 கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிடுவேன்.

குறை என்றால், ஆரம்பத்தில் பலம் மெதுவாக ஏறும். 53 கிரேடு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நாளில் குறைந்தது 27 நியூட்டன், 28 நாளில் 53 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது விதி. பி.பி.சி.க்கு அது 16, 33. மார்கழிக் குளிரில் ஓசூர், தளிப் பக்கம் இன்னும் தாமதமாகும். தளம் போட்டால் சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது, பலகை வாடகை கூடும். மாடி வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றால் தளத்துக்கும் பீமுக்கும் மட்டும் 53 வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஓ.பி.சி.க்கு 7 நாள் போதும் என்றால் இதற்கு 10 நாள். கடும் வெயிலில் 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். கோடையில் போர் வற்றி டேங்கர் தண்ணீர் வாங்குகிற ஊர் நம்முடையது, செலவு தெரிந்தேதான் சொல்கிறேன். நான்கு நாளில் தண்ணீரை நிறுத்திவிட்டு, "பி.பி.சி. பொலபொலவென்று உதிருது" என்று சிமெண்டைக் குறை சொல்வது நியாயமே இல்லை. தளத்தில் பாத்தி கட்டி நீரைத் தேக்குங்கள், சுவருக்கு ஈரச்சாக்கு போடுங்கள்.

வாங்கும்போது மூட்டையில் அச்சடித்த வாரம், மாதம், வருடம் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். ஒரு மூட்டையைப் பிரித்துக் கைவிட்டால் உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும். விரலில் நசுக்கி உடையாத கட்டி தட்டுப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இறக்கியதைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போக வேண்டாம்.