பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை: சில வருடங்கள் படுத்துப் பார்த்த பிறகு

ஸ்பிரிங் மெத்தை என்றதும் “கம்பி குத்தும், கிறீச்சுனு சத்தம் போடும்” என்று பயமுறுத்த நாலு பேர் வருவார்கள். எங்கள் வீட்டு மெத்தையில் இதுவரை ஒரு கம்பிகூட வாய் திறக்கவில்லை. அமுங்கிப்போனது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ஃபோம். அதனால் ஸ்பிரிங் மெத்தை வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மேலே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பதுதான்.

எங்களுடையது 75-க்கு 60 இன்ச், 8 இன்ச் உயரம், பாக்கெட் ஸ்பிரிங். அதற்கு முன்னால் இருந்தது தேங்காய்நார் மெத்தை. கடையில் இரண்டு வகை ஸ்பிரிங் காட்டினார்கள். விலை குறைந்தது பானல். உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய சுருள்கள், எல்லாவற்றையும் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். ஒரு மூலையில் ஆள் உட்கார்ந்தால் மறு மூலைக்கும் தெரியும். பாக்கெட்டில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும், அதனதன் பாட்டுக்கு அமுங்கும். நான் இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து படுக்கிற ஆள். பழைய மெத்தையில் நான் படுத்தாலே வீட்டுக்காரம்மா எழுந்துவிடுவார். இதில் நான் வந்ததே தெரியாமல் தூங்குகிறார். கூடுதலாகக் கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது. தனியாகப் படுப்பவருக்கோ விருந்தினர் அறைக்கோ பானலே போதும்.

கடைக்காரர் ஸ்பிரிங் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார். கம்பியின் கனம் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கனத்தைச் சொல்லும் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபோமில் 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை என்று அர்த்தம். எண் குறைந்தால் சீக்கிரம் படிந்துபோகும். நல்ல கடைகளில் மெத்தையைக் குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, அடுக்கடுக்காக விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுங்கள். ஓரத்திலும் உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட் ஸ்பிரிங்கில் சில மாடல்களுக்கு ஓரம் பலவீனம். ஊரிலிருந்து வந்த அம்மா ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு, “என்னடா இது, எழுந்திருக்கவே விடமாட்டேங்குது” என்று கீழே பாயை விரித்துக்கொண்டார்.

இனி வாரண்டி கதை. நான் படுக்கும் பக்கம் இடுப்புக்கு நேராகப் பள்ளம் விழுந்ததும் புகார் கொடுத்தேன். கம்பெனி ஆள் வந்து, கட்டில் அடியில் பிளைவுட் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார், மெத்தையில் கறை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டு ஓரத்துக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பள்ளத்தில் ஸ்கேலை நிறுத்தினார். முக்கால் இன்ச். “ஒரு இன்ச் இருந்தாத்தான் சார் க்ளெய்ம் வரும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வருடங்களைவிட, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும் இந்த அளவுதான் முக்கியம். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் முதல் நாளே நீர் இறங்காத உறை போட்டுவிடுங்கள். கறை பட்டால் க்ளெய்ம் பேச்சே கிடையாது.

எங்கள் மெத்தைக்கு மேல்பக்கம் மட்டும்தான் மெத்தென்று தைத்திருக்கிறது, அதனால் புரட்டிப் போட முடியாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்புகிறோம். பள்ளத்துக்கு மேலே 2 இன்ச் லேடெக்ஸ் டாப்பர் (மெத்தைமேல் விரிக்கிற மெலிசான ரப்பர் ஃபோம் அடுக்கு) ஒன்று வாங்கிப் போட்டதில் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

சென்னை வெயிலுக்கு ஸ்பிரிங் தேவலை. சுருள்களுக்கு இடையே காற்று போவதால், முழு ஃபோம் மெத்தை மாதிரி முதுகு வேகாது. ஆனால் இலவம்பஞ்சு மெத்தைபோல மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காயவைக்கிற வேலை நடக்காது. எடை அப்படி. வீடு மாறும்போது லிஃப்டில் நுழையவில்லை. மடித்தால் கம்பி வளைந்துவிடும் என்று நான்கு பேர் நிறுத்தியபடியே படியேற்றினார்கள்.

அடுத்ததும் பாக்கெட் ஸ்பிரிங்தான் வாங்குவேன். ஆனால் மேலே தடிமனாகத் தைத்த பில்லோ டாப் வேண்டாம். மெலிசான மேல்பரப்பு, அதன்மேல் தனி டாப்பர். டாப்பர் அமுங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 10 இன்ச் மெத்தையும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் சாதாரணப் பெட்ஷீட் எதுவும் அதன் அடியில் செருகுவதற்கு எட்டாது.