எஸ்.பி.எஸ்.எஸ் சின்டாக்ஸ் எடிட்டர்: ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு மதிப்பீடு

பகுதி நேரமாக முதுகலை படிக்கும் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் எஸ்.பி.எஸ்.எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளைப் பட்டியல் (மெனு) வழியாகவே பயன்படுத்துகின்றனர். மெனுவில் வேண்டியதைத் தேர்ந்து, திறக்கும் பெட்டியில் மாறிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்தி, 'ஓகே' பொத்தானைச் சொடுக்கினால் அட்டவணை வந்துவிடுகிறது. அந்த 'ஓகே'க்குப் பக்கத்திலேயே 'பேஸ்ட்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் கணக்கு ஓடாது; நாம் தேர்ந்தெடுத்தவை அனைத்தும் கட்டளை வரிகளாக மாறி, சின்டாக்ஸ் எடிட்டர் என்னும் தனிச் சாளரத்தில் எழுதப்படும். இந்த மென்பொருளில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் பகுதியும், என் கணிப்பில் மிகவும் பயனுள்ள பகுதியும் அதுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டங்களைவிட்டு வெளியேறித் தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகளிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறிய குடும்பங்களின் கல்விச் சூழலைப் பற்றிய என் ஆய்வுக்கு இதைப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய கள ஆய்வில் வினாப்படிவங்கள் ஒரே நாளில் கைக்கு வந்து சேர்வதில்லை. ஒரு தோட்டத்துப் படிவங்களைப் பதிந்து அட்டவணை எடுத்த பிறகு அடுத்த தோட்டத்திலிருந்து ஒரு கட்டு வரும். அப்போது வருமானப் பிரிவுகளை மீண்டும் வகுத்து, விடையளிக்காதவர்களுக்கு இட்ட 99 என்ற எண்ணை விடுபட்ட மதிப்பு என்று மீண்டும் அறிவித்து, எல்லா அட்டவணைகளையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியல் வழியாகச் செய்பவர் அத்தனை பெட்டிகளையும் மறுபடியும் திறந்தாக வேண்டும். அந்த வரிகளைக் கட்டளைக் கோப்பாகச் சேமித்து வைத்திருப்பவர் புதிய தரவைத் திறந்து, அனைத்தையும் தேர்ந்து, கன்ட்ரோல் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் போதும். தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்பது பதிவாகியிருப்பதுபோல, தரவுக்கு நாம் என்னென்ன செய்தோம் என்பது வரிசை மாறாமல் அந்தக் கோப்பில் இருக்கும்.

அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதும் ஒரு வசதி. எஸ்.பி.எஸ் என முடியும் அந்தக் கோப்பை நோட்பேடிலும் திறக்கலாம். அளவு மிகச் சிறியது என்பதால் இணையம் மெதுவாக இருக்கும் ஊரிலிருந்தும் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். உரிமக் காலம் முடிந்து மென்பொருள் பூட்டிக்கொண்டாலும் செய்த வேலையின் குறிப்பு கையில் இருக்கும்.

எடிட்டரின் அமைப்பு நன்று. 2008-இல் வெளிவந்த 17-ஆம் பதிப்பில்தான் அது இப்போதைய உருவத்தைப் பெற்றது. கட்டளை, துணைக்கட்டளை, குறிப்பு ஆகியவை வெவ்வேறு நிறங்களில் தெரிகின்றன. இடப்பக்கத்தில் கட்டளைகளின் பட்டியல் நிற்கிறது. ஓட்டத்தை இடையில் நிறுத்திப் பார்ப்பதற்கான நிறுத்தப் புள்ளிகளும் உண்டு. ஆனால் மொழி பழையது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் நை முதலானோர் இந்த மென்பொருளை உருவாக்கிய 1968-இல் துளையட்டைகளில்தான் கட்டளைகளைத் தந்தார்கள். மெனு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டளையும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும் என்ற கண்டிப்பு இன்றும் மாறவில்லை.

புதியவர்களைத் தடுமாற வைப்பதும் அந்தப் புள்ளிதான். நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் குறிப்பு வரியின் முடிவில் புள்ளி வைக்காமல் விட்டால், அடுத்த வரியில் உள்ள உண்மையான கட்டளையையும் மென்பொருள் குறிப்பின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு, பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்து போய்விடும். குறிப்பின் நிறம் அடுத்த வரிக்கும் பரவியிருப்பதைக் கவனித்தால்தான் பிடிபடும்.

இதைவிட நுட்பமான ஆபத்து, மதிப்புகளை மாற்றிக் குறிக்கும் 'ரீகோட்' கட்டளையில் இருக்கிறது. ஐந்து புள்ளி அளவுகோலில் எதிர்மறையாகக் கேட்ட கூற்றுகளை, எடுத்துக்காட்டாக 'வீட்டில் படிக்க அமைதியான இடமில்லை' என்பதை, திருப்பிக் குறிக்க வேண்டும்: 1 என்பது 5 ஆகும், 2 என்பது 4 ஆகும், 3 அப்படியே நிற்கும். இதை அதே மாறியின்மேல் எழுதிவிட்டு, தரவைப் புதிதாகத் திறக்காமல் கோப்பை இரண்டாம் முறை ஓட்டினால், திரும்பியவை மறுபடியும் திரும்பிப் பழைய நிலைக்கே வந்துவிடும். அட்டவணை பார்க்க ஒழுங்காகவே இருக்கும். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் நம்பகத்தன்மைக் கெழு மட்டும் காரணம் தெரியாமல் சரிந்து நிற்கும். 'இன்டு' என்று சேர்த்துப் புதிய மாறியில் எழுதுவதும், மூலத் தரவைத் திறக்கும் வரியையே கோப்பின் முதல் கட்டளையாக வைப்பதும் இதற்குப் போதுமான காப்பு. பட்டியலிலும் இதே தவறு நேரலாம். கட்டளைக் கோப்பில் அது கண்ணுக்குத் தெரியும் என்பதே வேறுபாடு.

தமிழில் விளக்கப் பெயர்கள் இட விரும்புவோர், யூனிகோடு முறையில் வேலை செய்தால் அட்டவணையில் தமிழே வரும். இடம்தான் தாராளமில்லை. ஒரு மதிப்புக்கு இடும் பெயர் 120 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழ் எழுத்துக்கும், அதனுடன் சேரும் உயிர்க்குறிக்கும், புள்ளிக்கும் தனித்தனியே மூன்று பைட் செலவாகும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைத் தடுக்க 1960-இல் தோன்றிய அமைப்பின் தோட்டங்களை ஒரு பிரிவாக்கி, 'தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத் தோட்டம்' என்று பெயரிட்டால் 119 பைட் ஆகிறது. அதற்குமேல் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

விலை இன்னொரு தடை. பல்கலைக்கழக உரிமம் படிப்போடு முடிந்துவிடும். ஆசிரியர் சம்பளத்தில் தனியாக வாங்குவது எளிதன்று. கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் க்னூ திட்டத்தின் பி.எஸ்.பி.பி என்னும் இலவச மென்பொருள் இதே தரவுக் கோப்புகளைத் திறந்து, இதே கட்டளை மொழியின் பெரும்பகுதியை ஏற்கிறது. அதன் எடிட்டர் எளிமையானது. உயர்நிலைப் பகுப்பாய்வுகள் பலவும் அதில் இல்லை. ஆயினும் நிகழ்வெண் அட்டவணை, குறுக்கு அட்டவணை, டி சோதனை, தொடர்புப் போக்கு ஆகியவற்றோடு முடியும் ஆய்வேடுகளுக்கு அது போதும்.

பயிற்சிப் பட்டறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 'ஓகே' சொடுக்குமிடத்தில் 'பேஸ்ட்' சொடுக்கி, வந்த வரிகளைப் படித்து, அவற்றுக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதி, புள்ளி வைத்து ஓட்டிப் பார்ப்பதே கற்கும் வழி. கட்டளை வரியில் கர்சரை வைத்து எஃப்1 விசையை அழுத்தினால் அதன் இலக்கணம் திறக்கும். அந்த விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும், அதில் வரும் எடுத்துக்காட்டு வரிகளைப் பார்த்தே பெரும்பாலானவற்றைப் புரிந்துகொள்ளலாம்.