எஃப்-150 சிக்னலில் அணையாமல் இருக்க: பட்டனா, பிளக்கா, ஃபோர்ஸ்கேனா?

ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாத மதியம். சிக்னலில் டிரக் நின்றதும் இன்ஜின் தானாக அணைகிறது. ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் என்ற வசதியின் வேலை இது. ஏசி கம்ப்ரசர் இன்ஜின் பெல்டில் ஓடுவது என்பதால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். ஃபேன் மட்டும் சுற்றும். காற்று வெதுவெதுப்பாகி, கேபினில் சூடு ஏறியதும் இன்ஜின் திரும்ப எழுந்துகொள்ளும். அதற்குள் பச்சை விழுந்திருக்கும். மிச்சமான பெட்ரோல் எவ்வளவு என்று அந்த வெயிலில் யாருக்கும் நினைக்கத் தோன்றாது. இதை எப்படி நிரந்தரமாக நிறுத்துவது என்பதுதான் ஃபோர்டு எஃப்-150 டிரக் வாங்கிய நம் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி.

ஃபோர்டு இந்த வசதியை 2015-இல் 2.7 லிட்டர் இகோபூஸ்ட் இன்ஜினோடு எஃப்-150-க்குக் கொண்டுவந்தது. 2018 மாடலிலிருந்து எல்லா இன்ஜின்களிலும் வந்துவிட்டது. அணைக்கப் பட்டன் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். இதற்குக் காரணம் இருக்கிறது. மைலேஜ் சோதனையில் வண்டி கிளம்பும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. பட்டன் கடைசி நிலையை நினைவில் வைத்துக்கொண்டால் கம்பெனிக்குக் கிடைக்கும் பலன் குறைந்துவிடும். 2025 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், எல்லோரும் வெறுக்கும் இந்த வசதியைச் சரிசெய்யப் போகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் என்ன செய்தாலும், ஏற்கெனவே நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி தானாக மாறிவிடாது.

வழிகளைப் பார்க்கும் முன் ஒரு கணக்கு. இன்ஜின் சும்மா ஓடினால் அதன் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்குக் கால் கேலனிலிருந்து அரை கேலன் வரை போகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அரை கேலன் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் மொத்தம் அரை மணி நேரம் சிக்னலில் நிற்பவருக்குக் கால் கேலன் மிச்சம். கேலன் மூன்று டாலர் என்றால் எழுபத்தைந்து சென்ட். வருடம் முழுக்க ஓட்டினால் அது நல்ல பணம். ஊருக்கு வெளியே இருந்து நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய், தினம் ஐந்தாறு நிமிடம் மட்டுமே நிற்பவருக்கு மிஞ்சுவது பதினைந்து சென்ட். பத்து வினாடிக்கு மேல் நின்றால் அணைத்து ஸ்டார்ட் செய்வதுதான் சிக்கனம் என்பது ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் முடிவு. ஆகவே முதலில் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். டவுன்டவுன் நெரிசலில் தினம் தவிப்பவர் இதை முழுசாக மூடுவது வீண் செலவு.

ஸ்டார்ட்டர் சீக்கிரம் போய்விடும் என்ற பயத்தில் அணைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பயம் வேண்டாம். இந்த வண்டிகளில் போடும் ஸ்டார்ட்டர் பழைய வண்டிகளில் இருப்பதைவிட உறுதியானது. பேட்டரியும் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏஜிஎம் வகை. ஏசி, இடதுபக்கம் திரும்பும்போது வரும் தயக்கம், நின்று நின்று நகரும் வரிசையில் ஏற்படும் குலுக்கல், இவைதான் நியாயமான காரணங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் இரண்டு கூடையில் போடலாம். ஒன்று, வண்டியிடம் நேராகச் சொல்வது. இன்னொன்று, வண்டியிடம் பொய் சொல்வது.

பொய் வகையை முதலில் முடித்துவிடுகிறேன். பின்னால் உள்ள ஏழு முனை டிரெய்லர் சாக்கெட்டில் ஒரு போலி பிளக்கைச் செருகினால், டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று நம்பி வண்டி இன்ஜினை அணைக்காது. மலிவு, ஒரு நிமிட வேலை. கூடவே ரிவர்ஸ் சென்சாரும் அணைந்துவிடும். குழந்தைகள் ஓடிவிளையாடும் டிரைவ்வேயில் ஆறு மீட்டர் நீள வண்டியைப் பின்னால் எடுப்பவர் அதை இழக்கலாமா? அடுத்தது பானெட் தாழ்ப்பாளின் ஒயரைக் கழற்றுவது. பானெட் திறந்திருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும், இன்ஜின் அணையாது. ரிமோட் ஸ்டார்ட்டும் போய்விடும். வெயில் காலத்தில் ஏறும் முன்பே வண்டியைக் குளிரவைக்க உதவுவது அதுதானே. உண்மையிலேயே பானெட் சரியாக மூடாவிட்டாலும் இனித் தெரியாது. மூன்றாவது, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் சென்சார் பிளக்கைப் பிடுங்குவது. மூன்றிலும் இதுதான் மோசம். பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் கொடுப்பது என்று வண்டி முடிவு செய்வதே அந்த சென்சாரைப் பார்த்துத்தான். அதைக் குருடாக்கிவிட்டு இருநூறு டாலருக்கு மேல் விலை போகும் பேட்டரியைப் பணயம் வைப்பதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

டோ/ஹால் மோடு பொய் இல்லை. ஆனால் பளு இழுக்க வந்த மோடு அது. இன்ஜின் அணையாது, கியரும் தாமதமாகத்தான் மேலே ஏறும். சிக்னலில் மிச்சப்படுத்தாததோடு சாலையிலும் கூடுதலாகக் குடிக்கும். அவசரத்துக்குச் சரி, தினசரிக்கு வேண்டாம்.

இனி நேரான வழிகள். பட்டனை அழுத்துவதற்குச் செலவே இல்லை. சீட் பெல்ட் போடுவதோடு சேர்த்துக் கைக்குப் பழகிவிட்டால் நினைவும் தேவையில்லை. குத்தகை வண்டிக்கும், வாரத்துக்கு இரண்டு முறை ஓட்டும் வண்டிக்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பேன்.

மற்றவர்களுக்கு உண்மையான போட்டி பிளக்குக்கும் ஃபோர்ஸ்கேனுக்கும்தான்.

பிளக் என்று நான் சொல்வது ஆட்டோஸ்டாப் எலிமினேட்டர் மாதிரியான சிறு ஒயர் இணைப்பை. டாஷ்போர்டு பட்டனின் பின்பக்க கனெக்டரைக் கழற்றி, இடையில் இதை மாட்ட வேண்டும். வெட்டு ஒட்டு கிடையாது. நூறு டாலரை ஒட்டிய விலை. பட்டனைக் கடைசியாக எப்படி விட்டீர்களோ அதை நினைவில் வைத்து, அடுத்த ஸ்டார்ட்டில் அதுவே உங்களுக்காக அழுத்திவிடும். விரல் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. வண்டியின் மற்ற எந்தப் பாகத்துக்கும் தவறான தகவல் போவதில்லை. விற்கும்போது கழற்றிவிடலாம். பேனலை நெம்பும்போது பிளாஸ்டிக் கொக்கி உடையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே கவலை. இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தவிர்த்து பிளாஸ்டிக் நெம்பியை எடுங்கள்.

ஃபோர்ஸ்கேன் ஒரு மென்பொருள். விண்டோஸ் லேப்டாப், வண்டியின் கோளாறு கண்டறியும் சாக்கெட்டில் மாட்டும் நல்ல ஓபிடி அடாப்டர், மாற்றங்கள் செய்ய அனுமதிக்கும் நீட்டித்த உரிமம் மூன்றும் வேண்டும். பலர் செய்வது, இன்ஜினை அணைக்கக் குறைந்தபட்சம் இத்தனை வோல்ட் வேண்டும் என்ற அளவை 12-இலிருந்து 18-க்கு உயர்த்திவிடுவது. பேட்டரி ஒருநாளும் 18 வோல்ட்டைத் தொடாது. ஆகவே இன்ஜினும் அணையாது. சென்சார் நிஜ அளவைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், சார்ஜ் கணக்கும் கெடாது. அடாப்டர் கையில் இருந்தால் வேறு பத்து விஷயங்களுக்கும் உதவும். கோளாறு குறியீடுகளை நாமே படிக்கலாம். ஆபத்து எழுதும் நேரத்தில்தான். பாதியில் பேட்டரி இறங்கினாலோ லேப்டாப் உறங்கிப்போனாலோ நாம் எழுதும் மாட்யூல், அதாவது வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி, குழம்பிவிடலாம். சார்ஜரை மாட்டி வைத்து, பழைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்த பிறகே கை வையுங்கள். டீலரிடம் மென்பொருள் அப்டேட் செய்தால் நம் மாற்றம் அழிந்துபோகவும் வாய்ப்புண்டு.

வாரண்டி பற்றி இரண்டுக்கும் ஒரே பதில். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. கோளாறுக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். அந்த விஷயத்தில் கழற்றி மேசைமேல் வைக்கக்கூடிய பிளக் நமக்கு நிம்மதி.

வேறு டிரக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபோர்ஸ்கேன் ஃபோர்டு குடும்பத்துக்கும் மாஸ்டாவுக்கும்தான். ஜிஎம் கம்பெனியின் பத்து கியர் சில்வராடோவில் நெம்புகோலை எல்-இல் வைத்து 10-ஆம் கியர்வரை ஏற்றிவிட்டால் இன்ஜின் அணையாது. 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஜிஎம் தன் பெரிய டிரக்குகள் சிலவற்றை இந்த வசதி இல்லாமலே விற்று, விலையில் 50 டாலர் குறைத்தது. ஈ-டார்க் என்ற மின்மோட்டார் உதவி உள்ள ராம் 1500-ஐ எடுத்தவர்கள் அவசரப்பட வேண்டாம். 48 வோல்ட் மோட்டார் பெல்ட் வழியாக இன்ஜினை எழுப்புவதால் குலுக்கல் மிகவும் குறைவு; ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வழியில் அணைத்தாலும் பேட்டரி மாற்றும்போது ஏஜிஎம்மே போடுங்கள். சார்ஜ் அமைப்பு இன்னும் அந்த வகையை நினைத்துத்தான் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டு எஃப்-150-இல் இருப்பது பிளக்தான். நான் ஓட்டும் வாரங்களில் அணைத்தே கிடக்கும். மனைவி டவுன்டவுனுக்கு எடுத்துப்போகும் வாரம் பட்டனை ஒருமுறை அழுத்தி உயிர்ப்பித்துக்கொள்வாள். திரும்ப என் கைக்கு வரும்வரை அது அப்படியே இருக்கும்.