தேக்காவில் வாங்கிய குயினோவா: சாமான் நல்லது, அட்டை தவறு

சிங்கப்பூர் தேக்காவில் நாங்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் இப்போது தானியம்போல் சமைக்கும் விதைகளான குயினோவா, தண்டுக்கீரை விதை, பக்வீட் மூன்றுக்கும் தனி அலமாரி. மேலே ஓர் அட்டை: ‘எலிகளிடம் நிரூபிக்கப்பட்டது, உடல் எடை குறையும்’. நீரிழிவு உள்ள பெரியவர்கள் அதைப் படித்துவிட்டுக் கூடையில் எடுத்துப் போடுகிறார்கள், அதனால் சாமானோடு சேர்த்து அந்த அட்டையைப் பற்றியும் எழுதுகிறேன்.

சாமான் தரமானது, கல்லோ தூசியோ இல்லை. குயினோவாவின் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் உண்டு, பெரும்பாலும் நீக்கித்தான் விற்கிறார்கள், இருந்தாலும் நுரை அடங்கும்வரை தண்ணீர் மாற்றி அலசிவிடுங்கள். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர், கால் மணி நேரம், விதையைச் சுற்றி வெள்ளை வளையம் பிரிந்தால் வெந்துவிட்டது. உப்புமா பொலபொலவென்று அருமையாக வருகிறது. பொங்கலுக்குப் பாசிப்பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால்தான் சேர்ந்து வரும். தண்டுக்கீரை விதை நேர்மாறு, கொழகொழவென்று ஆகிவிடும், கஞ்சிக்குச் சரி, பொரித்து வெல்லப் பாகில் உருண்டை பிடித்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். பக்வீட் மாவு தோசை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றுமே அரிசியைவிடப் பல மடங்கு விலை.

அப்புறம் அந்த அட்டை. எலி ஆய்வுகள் உண்மையில் நடந்தவைதான். 2012-இல் அச்சான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் சுண்டெலிகளுக்கு மூன்று வாரம் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் குயினோவாவிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைச் சேர்த்தார்கள். பூச்சிகள் தோலுரிக்க உதவும் ஒரு ஹார்மோன் சில செடிகளிலும் இருக்கிறது, 20-ஹைட்ராக்சிஎக்டைசோன் என்று பெயர், அது செறிந்த சாறு. சாறு சாப்பிட்ட எலிகளுக்குக் கொழுப்புத் திசு குறைவாகவே வளர்ந்தது, கொழுப்பு செல்களும் சிறுத்திருந்தன. ஆனால் எடை கூடியதில் எந்த வித்தியாசமும் இல்லை! தராசில் மட்டும் நிறுத்துப் பார்த்திருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். ஜப்பானில் 1996-இல் பக்வீட் புரதத்தைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோதும் கொழுப்புத் திசு குறைந்தது, அங்கேயும் கொடுத்தது பிரித்தெடுத்த புரதம்தான், நாம் சுடும் தோசை இல்லை.

எடை குறைந்தால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கழுவாத குயினோவாவைத் தீனியில் கலந்து கொடுத்த கோழிக்குஞ்சுகள் சரியாக வளரவே இல்லை, காரணம் அந்தச் சப்போனின். ஒரு விலங்கு இளைத்தது என்றால் கரைந்தது கொழுப்பா தசையா, தீனியையே குறைவாகத் தின்றதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் கொழுப்பைத் தனியாக எடுத்து நிறுப்பதும் ஸ்கேன் செய்வதும் இதற்காகத்தான். அட்டையில் ‘எடை’ என்ற ஒரே சொல்லில் இதெல்லாம் அடிபட்டுப் போகிறது, எனக்கு வருத்தமே அதுதான்.

நம் தட்டுக்கு வருவோம். 100 கிராம் வெந்த குயினோவாவில் சுமார் 120 கலோரி, வெள்ளைச் சோற்றில் சுமார் 130. அதாவது தட்டு நிறையச் சாப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். புரதத்தில்தான் நல்ல வித்தியாசம், குயினோவாவில் 4.4 கிராம், சோற்றில் 2.7. நார்ச்சத்தும் பல மடங்கு அதிகம், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) இதில் நன்றாகவே இருக்கிறது. வாங்க இந்தக் காரணங்களே போதும். சுகாதார மேம்பாட்டு வாரியம் தட்டில் கால் பங்கு முழுத்தானியம் இருக்கட்டும் என்கிறது, அந்தக் கால் பங்கில் இதைத் தாராளமாக வைக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இதைச் சாப்பிடுகிறோம் என்று மருந்தைக் குறைத்துவிடாதீர்கள், பாலிகிளினிக் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதல் தடவை வாங்குபவர்கள் குயினோவா மட்டும், அதுவும் சிறிய பையாக எடுங்கள். பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சிங்கப்பூர் ஈரத்துக்கு வெளியே வைத்தால் வண்டு வந்துவிடும்.