பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் சேவை

வெளிப்படையான நிர்வாகத்தில் ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்க, சட்டத்தைப் படித்து மதிப்பெண் போடுவது ஒரு வழி. உலக ஆர்டிஐ (தகவல் உரிமை) தரவரிசை அப்படித்தான் செய்கிறது: 61 குறியீடுகள், மொத்தம் 150 மதிப்பெண். சட்டத்தின் வாசகத்துக்குத்தான் மதிப்பெண், நடைமுறைக்கு இல்லை. ஆப்கானிஸ்தான் முதலிடம் பிடித்ததும் அந்தப் பட்டியலில்தான். ஆகவே இங்கே அளவுகோல் வேறு. மத்திய அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்டு 10 ரூபாய் கட்டினால் கைக்கு என்ன வந்து சேர்கிறது?

2013இல் தொடங்கிய ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் மனுப் போடுவது சுலபம். போஸ்டல் ஆர்டருக்கு அலைய வேண்டாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றிதழை இணைத்தால் கட்டணமே இல்லை. பணம் போயும் பதிவு எண் வரவில்லையென்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கிக் கணக்கு ஒத்துப்போன பிறகு, ஓரிரு வேலை நாளில் எண் தானாக வரும். பட்டா, ரேஷன், ஊராட்சி போன்ற மாநில விவகாரங்களை இங்கே போட்டால் மனு திரும்பிவிடும், 10 ரூபாய் திரும்பாது. தமிழகத்துக்குத் தனித் தளம் இருக்கிறது. (1997லேயே, நாட்டில் முதலாவதாக, தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் இது.)

முதல் பெரிய குறை மொழி. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி மூன்றிலும் மனுவை அனுமதிக்கிறது. தளத்தின் ஆங்கிலப் பக்கத்தில் உள்ள 3,000 எழுத்துப் பெட்டியோ ரோமன் எழுத்து, எண், சில குறிகளைத் தவிர எதையும் ஏற்காது. தமிழ் மட்டுமல்ல, வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் வளைந்த மேற்கோள் குறிக்கும் பிழை காட்டும். மாற்று வழி: மனுவைத் தமிழில் எழுதி 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்பின் பெயரில் இடைவெளி விடாமல் இணைத்து, பெட்டியில் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போதும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. ‘ஏன் இன்னும் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். அலுவலகத்தில் காகிதமாகவோ கோப்பாகவோ இருப்பதைக் கேளுங்கள்: பணி ஆணையின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல், கோப்புக் குறிப்புகள், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை. ஒரு மனுவில் ஒரு பொருள். 500 சொற்களுக்கு மேல் போனால் மனுவை நிராகரிக்க முடியாது, ஆனால் நீளமான மனுவுக்கு அரைகுறை பதில்தான் வரும். ‘கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி தேவை’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதன்பின் மணிக்கு 5 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டிவிட்டால், 7(6) பிரிவின்படி நகலும் இலவசம். இதைச் சுட்டிக்காட்டி எழுதினால் பல அலுவலகங்கள் சுறுசுறுப்பாகும்.

தளத்தில் மனு முதலில் அமைச்சகத்தின் ஒருங்கிணைப்பு அலுவலருக்குப் போய், அங்கிருந்து பிரிகிறது. நான்கு பிரிவுகளுக்குப் போனால் நான்கு புதுப் பதிவு எண்கள். ஒவ்வொன்றிலும் ‘எங்களிடம் இல்லை’ என்று எழுதி மூடினாலும் திரையில் தெரிவது ‘முடித்துவைக்கப்பட்டது’ என்பதுதான். தகவல் தந்து முடித்தார்களா, தராமல் முடித்தார்களா என்று அந்தச் சொல் சொல்லாது. இத்தனை மனுக்கள் முடிக்கப்பட்டன என்ற கணக்கைக் காட்டி முன்னேற்றம் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பின்னடைவு எங்கே என்றால், தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(j) பிரிவில். தனிப்பட்ட தகவலானாலும் அது பொதுப்பணியோடு தொடர்புடையதா, நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியுமா என்று பார்த்துத்தான் முன்பு மறுக்க முடிந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சோதனைகளை எடுத்துவிட்டது. 2025 நவம்பரிலிருந்து இந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. பயனாளிப் பட்டியலோ, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரோ கேட்டால், மறுக்க ‘தனிப்பட்ட தகவல்’ என்ற முத்திரை போதும். எஞ்சியிருக்கும் ஆயுதம் 8(2): மறுப்பதால் வரும் பயனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். எனவே மனுவிலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்னவென்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

உண்மையில் மனுவே தேவைப்படாத நிலையைத்தான் சட்டம் எண்ணியது. 4(1)(b) பிரிவின் 17 தலைப்புகளில் தகவல்களை 120 நாளுக்குள் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005லேயே சொல்லியாயிற்று. பல அலுவலகத் தளங்களில் இது பழைய தொலைபேசிப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. ராஜஸ்தானின் ஜன் சூச்னா தளம், 2019 செப்டம்பரில் வந்தது, இதில் நல்ல முன்மாதிரி: ஊராட்சி வாரியாக வேலை உறுதித் திட்டப் பணிகள், ஓய்வூதியம், ரேஷன் கடைக்கு வந்த பொருள் எல்லாம் மனுப் போடாமலே பார்க்கலாம்.

முதல் மேல்முறையீடு இதே தளத்தில், கட்டணமில்லாமல். பதில் வந்த 30 நாளுக்குள், பதிலே வராவிட்டால் கெடு முடிந்த 30 நாளுக்குள் போட வேண்டும்; அதிகபட்சம் 45 நாளில் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். இரண்டாம் மேல்முறையீடு 90 நாளுக்குள், ஆனால் மத்தியத் தகவல் ஆணையத்தின் வேறு தளத்தில். தகவல் மறுத்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் எத்தனை நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் கெடு இல்லை. மனு, பதில், முதல் மேல்முறையீட்டு ஆணை மூன்றும் அங்கே தேவைப்படும். ஒவ்வொன்றையும் வந்த அன்றே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.